காற்று திரும்புமுன் ஓர் எஞ்சின்

எங்கள் பிக்கப்பின் பழைய எஞ்சினைக் கொன்றவர் என் வீட்டுக்காரர். கோபத்தில் செய்யவில்லை, முழுக்க முழுக்க அன்பினால் செய்தார். இன்றைக்கும் வீட்டுக்கு யாராவது வந்தால் இந்தக் கதையை நான்தான் தொடங்குவேன். அவர் மெல்ல எழுந்து கிணற்றடிப் பக்கம் போய்விடுவார்.

கற்பிட்டிக் கரையில் தொழிலுக்குப் போகிற எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. படகு கரை சேர்ந்ததும் அதன் எஞ்சினைக் கழற்றித் தோளில் சுமந்து வந்து, நல்ல தண்ணீர் நிறைத்த பீப்பாய்க்குள் இறக்கி, ஐந்து நிமிடம் ஓடவிடுவார்கள். கடலில் குடித்த உப்பெல்லாம் கழுவிப் போக வேண்டும். என் வீட்டுக்காரர் சோறு தின்ன மறந்தாலும் இதை மறக்கமாட்டார். அன்றைக்கு மத்தியான வெயிலில் நான் மூன்று படகுகளைத் தண்ணீருக்குள்ளிருந்து இழுத்துக் கரையேற்றியிருந்தேன். மூன்றாவதை இழுக்கையில் ஓர் அலை பிக்கப்பின் முன்பக்கம் வரை ஏறி அடித்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வண்டியை வளவுக்குள் விட்டுவிட்டு முகம் கழுவப் போன நேரத்தில், பாவம் எஞ்சின் உப்புக் குடித்துவிட்டதே என்று பொனட்டைத் திறந்து, கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாக அள்ளி அதன் தலையில் ஊற்றியிருக்கிறார். முகத்தில் சவர்க்காரத்தோடு நின்ற எனக்கு 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. சின்னச் சத்தம்தான். ஓடிவந்து பார்த்தால் மனுசன் எஞ்சினைத் துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

கொதித்துக் கிடக்கும் இரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று அடுப்படியில் நிற்கும் எவருக்கும் தெரியும். அடுத்த நாள் காலை ஸ்டார்ட் செய்தேன். வெள்ளைப் புகை வளவு முழுவதும் பரவியது. எண்ணெய்க் கோலை இழுத்துப் பார்த்தேன், எண்ணெய் தண்ணீர் கலந்து பால் விட்ட தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. எங்கள் மெக்கானிக் ஒரு முஸ்லிம் மனிதர், கற்பிட்டிச் சந்திக்கு அங்கால் கராஜ் வைத்திருக்கிறார், ஊருக்கே அவர் நானா, மூத்த அண்ணன். வந்து குனிந்து பார்த்தவர் நிமிர்ந்து என் வீட்டுக்காரரைத்தான் பார்த்தார். "குளிப்பாட்டினீங்களா மச்சான்?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "தங்கச்சி, ஹெட்டும் வெடிச்சி, ப்ளொக்கும் வெடிச்சிட்டு. ஒட்டிப் போட்டாலும் படகு இழுக்கிற வேலைக்கி நிக்காது. வேற எஞ்சின் பாருங்க" என்றார்.

மூன்று நாள் நான் என் வீட்டுக்காரரோடு கதைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். மூன்று நாளும் ஓயாமல் கதைத்தேன்.

எனக்கு ஏன் அவ்வளவு ஆத்திரம் என்று சொல்ல வேண்டும். நான் கடற்கரையில் பிறந்தவள் இல்லை. யுத்தத்துக்குத் தப்பி மன்னார்ப் பக்கமிருந்து வந்த எங்கள் குடும்பம் எலுவன்குளத்தில் காட்டை ஒட்டி வயல் செய்தது. ஆண்பிள்ளை இல்லாத வீடு. பதினாறு வயதிலேயே சேற்றுக்குள் உழவு மெசின் ஓட்டினேன். கலியாணம் முடித்து இந்தக் கரைக்கு வந்தபோது ஆமையைக் கடற்கரையில் விட்டதற்குப் பதிலாக மாட்டை விட்டதுபோல் இருந்தேன். யுத்தம் முடிந்து, கடலுக்குப் போக யாரிடமும் பாஸ் கேட்கத் தேவையில்லை என்று ஆனபின், கரையில் படகுகள் பெருகின. பெருகிய படகுகளுக்கு இழுவை வண்டி வேண்டியிருந்தது. பழைய பிக்கப் ஒன்று வாங்கினோம். என் வீட்டுக்காரருக்கு நடுக்கடலில் கண்ணைக் கட்டிவிட்டாலும் திசை தெரியும், புத்தளம் நாற்சந்தியில் தெரியாது. லைசன் சோதனையில் இரண்டு தரம் தவறிய பிறகு, வண்டி எனக்கு என்றாகிவிட்டது. அதன் சுக்கானுக்குப் பின்னால் உட்கார்ந்த நாளிலிருந்துதான் இந்தக் கரை எனக்கு என் ஊரானது.

எங்கள் கரையில் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. குடாநாட்டுக்கு மேற்கே கடல், கிழக்கே அலையில்லாத களப்பு, நடுவில் ஒரு கட்டை, அதாவது ஒரு மைல் தூரம் மணலும் வெங்காயத் தோட்டமும். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பினால் கடற்பக்கம் சின்னப் படகுகள் தங்க முடியாது, எல்லாவற்றையும் ட்ரெயிலரில் ஏற்றிக் களப்புப் பக்கம் இழுத்துப் போக வேண்டும். காற்று ஓய்ந்ததும் திரும்பக் கொண்டுவர வேண்டும். காற்று திரும்பும்போது முதல் நாள் யார் வண்டி படகை இழுக்கிறதோ, அடுத்த காற்றுத் திரும்பும்வரை அந்தக் கரையின் மீனும் ஐஸும் அந்த வண்டியில்தான் போகும். மூன்று வருடமாக அது என் வண்டி. விடியற்காலையில் மீனைப் புத்தளத்துக்குக் கொண்டுபோய், திரும்பும்போது ஐஸ் ஏற்றி, வழியில் இரண்டு டீச்சர்மாரைப் பள்ளிக்கூடத்தில் இறக்கி, மத்தியானத்துக்குமேல் படகு இழுத்து, இப்படித்தான் என் நாள் போகும். சோளகத்துக்கு மூன்று கிழமை இருக்கிறபோது எஞ்சின் செத்தது. அயல் கரையில் ட்ராக்டர் வைத்திருக்கும் ஒருவர் இதைக் கேள்விப்பட்டு, எங்கள் மீனவர் சங்கத் தலைவரைப் பார்த்துக் கதைத்துவிட்டுப் போயிருந்தார். தலைவர் நல்ல மனிதர், நேரே என் வாசலுக்கு வந்து சொன்னார். காற்று யாருக்காகவும் காத்திருக்காது, அன்றைக்கு உங்கள் வண்டி வந்தால் உங்களுடையது, வராவிட்டால் அவருடையது என்றார். போகிற போக்கில், பொம்பிளைப்பிள்ளை இவ்வளவு நாள் பாடுபட்டது போதும்தானே என்று ஒரு வார்த்தையும் சேர்த்தார். நல்ல மனிதர்கள் சொல்லும் அப்படியான வார்த்தைகள்தான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கும்.

என்ன எஞ்சின் வாங்குவது என்று கரை முழுக்கக் கதையாகிவிட்டது. தேத்தண்ணிக் கடையில் பாணைத் தோய்த்துத் தின்றுகொண்டே ஆளுக்கொரு எஞ்சின் சொன்னார்கள். ஒருவருக்கும் டீசல் எஞ்சினைப் பற்றித் தெரியாது. எல்லோருக்கும் படகு எஞ்சின் தெரியும், படகு எஞ்சினில் கேட்க வேண்டியது ஒரே விசயம்தான், எத்தனை ஹோஸ் பவர். கூடினதைப் பூட்டினவர் முதலில் கரைக்கு வருவார், முதலில் வந்தவருக்கு நல்ல விலை. ஆகவே என் வீட்டுக்காரரும், செய்த குற்றத்துக்குப் பிராயச்சித்தமாக, வாங்குவதென்றால் ஊரிலேயே கூடின ஹோஸ் பவர் உள்ளதாகத்தான் வாங்குவது என்று முடிவெடுத்திருந்தார்.

நானா எதையும் முடிவெடுக்கவில்லை. பிக்கப்பின் அடியில் படுத்து, எஞ்சின் உட்காரும் இடத்தையும் கியர்ப் பெட்டியையும் அளந்து ஒரு சிகரெட் மட்டையில் எழுதிக்கொண்டார். வேறு மாற்றம் செய்யாமல் பொருந்தக்கூடியவை இரண்டே வகை என்றார். ஒன்று, இரண்டாயிரத்து எண்ணூறு சிசி, டர்போ இல்லாதது, பழைய வகை. மற்றது இரண்டாயிரத்து ஐந்நூறு டர்போ, புதியது, குதிரைவலு முப்பது கூட. இரண்டும் ஜப்பானிலிருந்து இறக்கிய பாவித்த எஞ்சின்களாகச் சிலாபத்துக்கு அங்கால் ஒரு யார்டில் இருக்கின்றன, விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. பார்க்கப் போகும்போது குளித்து வந்த முகத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது என்று எனக்குச் சொன்னார். குளிப்பாட்டுகிற கதையை இனி எடுக்க வேண்டாம் என்று வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூவரும் காலை பஸ்ஸில் போனோம். யார்ட் முழுக்க மரத்தட்டுகளில் எஞ்சின்கள் வரிசையாக இருந்தன. முன்னிரவு மழையில் நிலம் சேறாகிக் கிடந்தது. முதலாளி சிங்களவர், தமிழும் சிங்களமும் கலந்து கதைப்பவர், நல்ல சிரிப்பு. டர்போவைத் துடைத்துப் பளபளக்க முன்வரிசையில் வைத்திருந்தார். நாங்கள் எண்ணூறு என்று சுருக்கிய பழைய வகை பின்னால் தூசி படிந்து கிடந்தது. என் வீட்டுக்காரர் டர்போவைப் பார்த்த பார்வையை, பெண் பார்க்க வந்தபோதுகூட அவர் என்னிடம் காட்டவில்லை.

ஸ்டார்ட் செய்யட்டுமா என்று முதலாளி கேட்டார். நானா பொறுக்கச் சொல்லிவிட்டு, என் கையைக் காட்டி எஞ்சினைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். டர்போ இளஞ்சூடாக இருந்தது. முதலாளி மறைக்கவில்லை, காலையில் இன்னொருவருக்கு ஓட்டிக் காட்டினேன் என்றார். சூடான எஞ்சின் எல்லாமே நல்ல பிள்ளைதான், குளிரில் எழும்பும்போதுதான் அதன் குணம் தெரியும் என்றார் நானா. ஆகவே அது ஆறும்வரை காத்திருப்பதென்று தீர்மானமாயிற்று. நானா லுஹர் தொழப் போய்விட்டார். நாங்கள் இருவரும் எதிர்க்கடையில் சோறு சாப்பிட்டோம். சாப்பிடும் நேரம் முழுவதும் என் வீட்டுக்காரர் வாசலுக்கூடாக டர்போவையே பார்த்துக்கொண்டிருந்தார், யாரும் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார்களோ என்று.

பின்னேரம் இரண்டையும் குளிரில் எழுப்பினோம். இரண்டும் ஒரே தட்டில் எழும்பின. ஓடிக்கொண்டிருக்கும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றி, அதே வாயில் தலைகீழாக வைத்தார் நானா. உள்ளே வளையங்கள் தேய்ந்திருந்தால் காற்று மேலே வந்து மூடியைத் தூக்கி எறியுமாம். எண்ணூறில் மூடி அசையவில்லை. டர்போவில் கொஞ்சம் நடுங்கியது, விழவில்லை, அந்த வகைக்கு அது சரிதான் என்றார். புகை இல்லை, கசிவு இல்லை, தண்ணீரில் எண்ணெய் இல்லை. நான் உள்ளுக்குள் ஒன்றாவது பழுதாக இருக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டிருந்தேன், தெரிவு செய்யும் வேலை மிச்சமாகும் என்று. இரண்டும் நல்லவை. "இனி ஒங்கட விருப்பம் தங்கச்சி. ஓட்டப்போறது நீங்க" என்று சொல்லி நானா துணியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

மரத்தட்டில் நிற்கிற எஞ்சின் எவ்வளவு இழுக்கும் என்று எப்படிச் சொல்வது? நான் சுற்றிப் பார்த்தேன். யார்டுக்குள் சாமான் இழுத்துத் திரிவதற்கென்று கதவில்லாத பிக்கப் ஒன்று நின்றது. அதில் என்ன எஞ்சின் என்று கேட்டேன். எண்ணூறு என்றார் முதலாளி. அவர் வீட்டுக்குப் போய்வரும் வெள்ளை வண்டியில்? டர்போ. இரண்டையும் ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். முதலாளி என் வீட்டுக்காரரைப் பார்த்தார், நானாவைப் பார்த்தார், பிறகு சிரித்துக்கொண்டே இரண்டு சாவியையும் என் கையில் தந்தார். கூடவே வந்து உட்கார்ந்தும் கொண்டார், அது அவருடைய புதிய வண்டி அல்லவா.

முதலில் டர்போவைப் பெரிய றோட்டில் ஓட்டினேன். உண்மையைச் சொல்ல வேண்டும், அப்படி ஒரு சந்தோசத்தை எந்த வண்டியிலும் நான் அனுபவித்ததில்லை. மிதித்ததும் ஒரு கணம் யோசித்து, பிறகு பறந்தது. என் பழைய பிக்கப்பை ஹோன் அடித்துத் துரத்துகிற கொழும்பு பஸ் ஒன்றை அலட்சியமாகக் கடந்தேன். பின்சீட்டில் இருந்த என் வீட்டுக்காரர் தொடையில் தட்டினார். புத்தளத்துக்கு ஐஸ் எடுக்கப் போய் வர இருபது நிமிடம் மிச்சம் என்று மனம் கணக்குப் போட்டது. றோட்டில் கூட்டமாகப் படுத்துக் கிடந்து, யார் வந்தாலும் எழும்பாத புத்தளத்துக் கழுதைகள்கூட இந்தச் சத்தத்துக்கு எழும்பும் என்று நினைத்தேன். அந்தப் பத்து நிமிடமும் எனக்கு டர்போதான் வேண்டும். வாங்கிவிடுவோம் என்று வாய்வரை வந்துவிட்டது.

திரும்பி யார்டுக்குள் வந்தபோது சில்லு சேற்றில் ஒரு இழுப்பு இழுத்தது. உடனே எலுவன்குளத்து வயல் ஞாபகம் வந்துவிட்டது. முதலாளியிடம் ஒரு கயிறு கேட்டேன். மூலையில் சில்லுகள் காற்றிறங்கி அரைவாசி புதைந்து நின்ற பழைய வான் ஒன்றில் கயிற்றைக் கட்டச் சொன்னேன். டர்போவை முதலாம் கியரில் போட்டு, காலை எக்ஸிலேட்டரில் வைக்காமல், கிளச்சை மெல்ல விட்டேன். எஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. மறுபடியும் செய்தேன். மறுபடியும் நின்றது. மிதித்துக்கொண்டு விட்டேன், சில்லு வெறுமனே சுற்றிச் சேற்றை வாரி என் வீட்டுக்காரரின் வெள்ளைச் சேட்டில் இறைத்தது. வான் அசையவில்லை. பிறகு கதவில்லாத பிக்கப்பில் ஏறினேன். அதே கயிறு, அதே கியர். காலை எடுத்துவிட்டேன். எஞ்சின் சத்தம் கொஞ்சம் தாழ்ந்தது, தொண்டையைச் செருமிக்கொண்டது, பிறகு நடந்தது. வானும் பின்னால் நடந்து வந்தது. நான் கையை வெளியே நீட்டி ஒன்றும் செய்யவில்லை என்று காட்டினேன். முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், அந்த வான் ஒரு வருடமாக அந்த இடத்தை விட்டு எழும்பவில்லையாம்.

என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. சேட்டில் சேற்றோடு நின்று, முப்பது ஹோஸ் பவர் குறைந்த எஞ்சினை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா, கரையில் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கமாட்டார்களா என்று தொடங்கினார். அவருடைய நியாயமும் எனக்கு விளங்கியது. அவருடைய எஞ்சின் வாழ்நாள் முழுவதும் தண்ணீரில் ஓடியது. தண்ணீர் வழுக்கி விட்டுக்கொடுக்கும், எவ்வளவு முறுக்கினாலும் எஞ்சின் நின்றுபோகாது, முறுக்க முறுக்க ஓடும். நின்ற இடத்திலிருந்து முதல் அடியை எடுத்துவைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்று அவருக்கு ஒருநாளும் தெரிய வேண்டியிருக்கவில்லை.

"நீங்க தண்ணியில ஓட்டுறீங்க. நான் மணலில இழுக்கிறன்" என்றேன்.

அவர் கயிற்றைப் பார்த்தார். பிறகு அதன் மறுமுனையில் நின்ற பழைய வானைப் பார்த்தார். கடைசியில் தலையை ஆட்டி, "ஓம். அது சரிதான்" என்றார். என் கலியாண வாழ்க்கையில் அந்த வசனத்தை அவர் எத்தனை தரம் சொன்னார் என்று ஒரு கையில் எண்ணிவிடலாம். ஆனால் டர்போவை விட்டு வந்ததில் எனக்கும் துக்கம் இல்லாமல் இல்லை. பஸ்ஸில் ஏறும்போது திரும்பி ஒருமுறை பார்த்தேன். தினமும் இருபது நிமிடம் முன்னதாக எழும்ப வேண்டும், கொழும்பு பஸ்கள் என்னைத் தொடர்ந்து அவமதிக்கும், அதற்கு ஒப்புக்கொண்டுதான் எண்ணூறை வாங்கினேன்.

எஞ்சின் லொறியில் வந்து சேர்ந்தது, இறக்குமதிக் கடுதாசியும் கூட வந்தது. வாகனப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கம் மாற்ற அது இல்லாமல் முடியாது. நானா தன் கராஜில் மரத்தில் சங்கிலி போட்டுத் தூக்கி இறக்கினார். எல்லாம் பூட்டியாயிற்று, நாளைக்கு ஸ்டார்ட் செய்யலாம் என்றிருந்தபோது, முன்மூடியைக் கழற்றி உள்ளே இருந்த பெல்ட்டைப் பார்த்தார். அது எத்தனை வருடம் ஜப்பானில் ஓடியதென்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும், அறுந்தால் எஞ்சினே நாசம், மாற்றாமல் தரமாட்டேன் என்றுவிட்டார். நான் கெஞ்சினேன், பிறகு சத்தம் போட்டேன். கடலில் அலையின் நிறம் மாறத் தொடங்கியிருந்தது. தென்னோலைகள் வடகிழக்குப் பக்கம் சாயத் தொடங்கியிருந்தன. நானா ஸ்பெனரைக் கீழே வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

கற்பிட்டியில் பெல்ட் இல்லை, புத்தளத்திலும் இல்லை. என் வீட்டுக்காரர் அன்றைக்குத் தொழிலை விட்டுவிட்டு, பழைய பெல்ட்டைக் கடுதாசியில் சுற்றிக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறினார். சிலாபம் போனார், அங்கே இல்லை, நீர்கொழும்பு போனார். நாற்சந்தியில் திசை தெரியாத மனுசன் எத்தனை கடை ஏறி இறங்கினாரோ. பின்னேரம் பஸ் நின்றபோது, புதிய பெல்ட்டைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு இறங்கினார். சந்தியில் நின்றவர்கள் எல்லாம் அவருக்கு எங்கே கலியாணம் என்று கேட்டார்கள். எனக்கு மூன்று கிழமையாக இருந்த கோபம் அந்த பஸ் படியிலேயே இறங்கிப் போய்விட்டது.

மறுநாள் எஞ்சின் எழும்பியது. அதற்கு மறுநாள் காற்று எழும்பியது.

விடியும்போது கரையில் எல்லோரும் நின்றார்கள். ட்ராக்டர்காரரும் வந்திருந்தார், அவரை நான் குறை சொல்லமாட்டேன், தொழில். ட்ராக்டர் எங்கள் வாடிக் குடிசைக்குப் பக்கத்தில் உறுமிக்கொண்டு நின்றது. சங்கத் தலைவர் இரண்டு வண்டியையும் பார்த்தார். அவருடைய படகுதான் கரையிலேயே பெரியது. முதலில் அதை இழுங்கள் என்று என் பக்கம் கையைக் காட்டினார், வண்டி தாக்குப்பிடித்தால் தொடர்ந்து இழுக்கலாம், நின்றால் அடுத்ததற்கு ட்ராக்டர். ட்ரெயிலரைப் பின்னால் தண்ணீருக்குள் விட்டேன், படகை ஏற்றிக் கட்டினார்கள். வழக்கம்போல் பத்துப் பன்னிரண்டு பேர் தள்ளுவதற்காகப் படகின் இரண்டு பக்கமும் கை வைத்து நின்றார்கள். பழைய எஞ்சின் அந்தக் கைகள் இல்லாமல் முதல் மணல்மேட்டைத் தாண்டியதே இல்லை.

லோ கியரில் போட்டேன். காலைத் தூக்கி ஒரு பக்கத்தில் வைத்துக்கொண்டேன், மிதித்துவிடுவேனோ என்று எனக்கே பயம். கிளச்சை விட்டேன். வண்டி நடந்தது. தண்ணீரை விட்டு ஏறியது, ஈர மணலைத் தாண்டியது, உதிரி மணலுக்கு வந்தது. அங்கேதான் ட்ரெயிலர் சில்லு புதைந்தது. எஞ்சின் சத்தம் தாழ்ந்தது, இன்னும் தாழ்ந்தது, நான் ஒவ்வொரு அடியையும் தனித்தனியாகக் கேட்டேன். பக்கத்தில் ஓடிவந்த என் வீட்டுக்காரர் முறுக்கு முறுக்கு என்று கத்துவதற்கு வாயைத் திறந்துவிட்டு, இரண்டு கையாலும் தன் வாயையே பொத்திக்கொண்டார். எஞ்சின் நிற்கவில்லை. சில்லு மணலைக் கடித்து, மேட்டில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கியது.

கண்ணாடியில் பார்த்தேன். தள்ளுவதற்கு வந்தவர்கள் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் பின்னால் நடந்து வந்தார்கள். கை வைத்துப் பார்ப்பார்கள், படகு தானாகப் போகும், கையை எடுத்துவிடுவார்கள். ஒருவர் சும்மா வரமுடியாமல், கயிறு இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டை எடுத்துவிட்டார். மற்றவர்கள் இழுக்கக் கயிறே இல்லாமல் வெறுங்கையோடு பின்பாட்டுப் பாடினார்கள். வண்டி அவர்களுடைய பாட்டின் வேகத்துக்குச் சரியாக நடந்தது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வெங்காயத் தோட்டத்தில் நின்ற பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், சுவாமி ஊர்வலமோ என்று ஒருத்தி தலையில் முக்காட்டை இழுத்துவிட்டாள். நான் உள்ளே இருந்து உரக்கச் சிரித்தேன். ஒரு கட்டைத் தூரமும் அந்தக் கூட்டம் பாடிக்கொண்டே வந்தது.

களப்பில் படகு மிதந்ததும் சங்கத் தலைவர் என் ஜன்னலடிக்கு வந்தார். அவருக்கு மூச்சு வாங்கியது, நடந்ததாலும் பாடியதாலும். கதவில் கை வைத்துக்கொண்டு, "ட்ராக்டரைத் திருப்பி அனுப்பிப்போட்டன் பிள்ளை. மற்றப் படகுக்குக் கயிறு போடச் சொல்லட்டா?" என்று கேட்டார்.

நான் ஓம் என்று தலையை ஆட்டினேன். அவர் போனதும் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டுச் சுக்கானில் தலையை வைத்து அழுதேன். எலுவன்குளத்திலிருந்து வந்த மாட்டை இந்தக் கரை தன்னுடையது என்று ஒப்புக்கொண்டது, வேறு ஒன்றுமில்லை. தூரத்தில் நின்று இதைக் கண்ட என் வீட்டுக்காரர் பதறிப்போய் ஓடிவந்தார். வந்தவர் என்னிடம் வரவில்லை. நேரே பொனட்டுக்குப் போய், அதில் காதை வைத்து, கண்ணை மூடிக் கேட்டார். பிறகுதான் வந்து கண்ணாடியில் தட்டினார்.

"என்ன, எஞ்சினுக்கு ஏதும் பழுதோ?"

"எஞ்சின் நல்லா இருக்கு. நான்தான் அழுறன். நீங்க போய்க் கயிறப் போடுங்க."

அவர் என் முகத்தை ஒருமுறை வடிவாகப் பார்த்தார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கடற்பக்கம் பார்த்து, ஆட்களைக் கூவிக்கொண்டே ஓடினார்.